இருட்டுவதற்காகக் காத்திருந்தவர்கள்

(காரைக்குடியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் சினிமாவைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் படம் எடுத்தவர்களிடமிருந்துதான் தொடங்குவார்கள். அதற்கு நியாயமும் உண்டு. இந்த ஊரில் 1907இல் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் போர்க்காலத்தில் சென்னையை விட்டு வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்து எடுத்த ‘நாம் இருவர்’ 1947இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அந்த ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. இவையெல்லாம் அச்சில் இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களை நம் பக்கத்து ஊர்களில் மணலில் உட்கார்ந்து பார்த்த மக்கள் எப்படி வந்தார்கள், எதைக் கொண்டுவந்தார்கள், இடையில் மழை பிடித்தால் என்ன செய்தார்கள் என்று எழுதிவைத்த புத்தகம் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. இன்று நான் பேச வந்திருப்பது பார்த்தவர்களைப் பற்றித்தான்.

இந்த எண்ணம் எனக்கு உதித்த இடம் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூர். என் மகள் அங்கே குடியிருக்கிறாள். ஒரு ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, மாப்பிள்ளை எங்களை ஊருக்கு வெளியே சோளக்கொல்லைகளுக்கு நடுவில் இருந்த ஒரு டிரைவ்-இன் தியேட்டருக்கு அழைத்துப் போனார். சென்னை கதீட்ரல் சாலையில், இன்றைக்குச் செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் என்ற உணவகம் நெடுங்காலம் இருந்ததால், அந்தச் சொல்லைக் கேட்டால் என் வயதுக்காரர்களுக்குக் காருக்குள்ளே காப்பி வரும் ஞாபகம்தான் வரும். காரில் உட்கார்ந்தபடி படம் பார்க்கும் இடம் என்பதற்கு நம்மிடம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பிரார்த்தனாவைச் சொல்லலாம். நான் அதற்கும் போனதில்லை.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர். நியூ ஜெர்சியில் தம் வீட்டு வாசலில் காரின் முன்மூடிமேல் ஒரு சிறிய புரொஜெக்டரை வைத்து, இரண்டு மரங்களுக்கு இடையே வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் பின்னால் ஒரு வானொலிப் பெட்டியை வைத்துச் சோதித்துப் பார்த்தார். மழை பெய்தால் கண்ணாடி வழியே படம் தெரியுமா என்பதை அறிய, தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் குழாயைக் கார்மேல் திருப்பிவிட்டார். முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்பவரை மறைக்காதிருக்க, ஒவ்வொரு வரிசையிலும் மண்ணை மேடாக்கி முன்சக்கரங்கள் உயர்ந்து நிற்குமாறு செய்தார். 1933 ஜூன் 6இல் முதல் தியேட்டர் திறந்தபோது, காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட் கட்டணம். 1950களின் இறுதியில் அந்த நாட்டில் இத்தகைய தியேட்டர்கள் ஏறத்தாழ 4,000 இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை சில நூறு. நான் பார்த்தது அந்தச் சில நூறில் ஒன்று.

நாங்கள் ஏழரை மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும்; இருட்டினால்தான் திரையில் உருவம் தெரியும். ஆகவே ஒன்றரை மணி நேரம் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பின்கதவு தூக்கித் திறக்கும் வண்டிகளைத் திரைக்கு முதுகு காட்டி நிறுத்தி, உள்ளே மெத்தையும் தலையணையும் போட்டுக்கொண்டார்கள். மடக்கு நாற்காலிகள் வந்தன, கொசுவிரட்டி வந்தது, இரவு உடையோடு குழந்தைகள் வந்தன. திரைக்கு அடியில் இருந்த ஊஞ்சல்களில் ஒரு கூட்டமே ஆடிக்கொண்டிருந்தது. வெளி உணவு கொண்டுவருவோர் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு படக் கம்பெனிக்குப் போய்விடுவதால், சோளப்பொரியும் குளிர்பானமும் விற்றுத்தான் இந்தத் தியேட்டர்கள் பிழைக்கின்றன என்று மாப்பிள்ளை விளக்கினார். என் மனைவி அந்தக் கட்டணத்தை மனமுவந்து கட்டி, ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த சீப்புச் சீடை டப்பாவைத் திறந்தாள். அந்தச் சிறு சத்தத்தில் எனக்கு ஐம்பது ஆண்டுகள் பின்னால் போயின.

ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு கம்பத்தில் தொங்கும் ஒலிபெருக்கியை எடுத்துக் கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்வார்களாம். இப்போது தியேட்டரே ஓர் எஃப்.எம். அலைவரிசையில் ஒலிபரப்புகிறது, அவரவர் கார் ரேடியோவில் கேட்கிறார்கள். நான் கால் மரத்துப்போய் வரிசைகளுக்கு இடையே நடந்தபோது, திறந்திருந்த ஒவ்வொரு கதவிலிருந்தும் அதே வசனம் என்னோடு கூடவே வந்தது. நடையின் எந்த இடத்திலும் அது அறுபடவில்லை. படம் முடிந்தபோது எங்கள் வண்டி கிளம்பவில்லை. ரேடியோ ஓடியே பாட்டரி இறங்கிவிட்டது. மாப்பிள்ளை பதறினார். பக்கத்து வண்டிக்காரர் ஒரு வார்த்தையும் கேட்காமல் கேபிளை எடுத்துவந்து மாட்டி, வண்டி உறுமியதும் கையை அசைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுதும் அந்நியர் ஒருவர் எங்களிடம் வந்தது அந்த ஒரு முறைதான்.

அங்கேதான் எனக்கு நம் கொட்டகை ஞாபகம் வந்தது. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கிய மரபின் கடைசிக் கிளை அது. எங்கள் ஊரில் ஊருணிக்கு மேற்கே, கீற்று வேய்ந்து, பக்கங்களில் இடுப்பளவுக்கு மட்டும் அடைத்து, தற்காலிக உரிமத்தில் நின்ற கொட்டகை. அதுவும் சூரியனை நம்பித்தான் இருந்தது. பக்கவாட்டில் வெளிச்சம் வருமாதலால் பகல் ஆட்டம் கிடையாது. பொழுது சாயும்போது கூரைமேல் குழாய் ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டுப் போடுவார்கள். அடுத்து முருகன் பாட்டு. எந்தப் பாட்டு முடிந்தால் படம் தொடங்கும் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த ஊர்களிலிருந்து வரப்பில் நடந்து வருபவர்கள் அந்தப் பாட்டின் சரணத்தைக் கேட்டுத்தான் நடையை எட்டிப்போட்டார்கள்.

தரை டிக்கெட் எடுத்தவனுக்கு மணல்தான் ஆசனம். முதல் வேலையாக நாங்கள் இரண்டு கையாலும் மணலைக் குவித்துத் தட்டி மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருப்பவன் சத்தம் போடுவான். உடனே அவனும் தன் மேட்டை உயர்த்துவான். முன்வரிசை மறைக்காமல் பின்வரிசைக்கு வழி தேடிய ஹாலிங்ஸ்ஹெட்டின் சிக்கலும் எங்கள் சிக்கலும் ஒன்றுதான் என்பதை நான் அந்த ஒகையோ மேட்டில் நின்றபோதுதான் உணர்ந்தேன். பெண்கள் பக்கம் தனி; நடுவில் ஒரு தட்டி. என் அப்பத்தா தூக்குவாளியில் புளியோதரையும், முந்தானையில் முடிந்த சில்லறையும் கொண்டுவருவார். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, “டேய், சாப்பிட்டியா?” என்று அவர் கேட்கும் குரல் வசனத்தைத் தாண்டிக் கேட்கும், யாரும் முகம் சுளித்ததில்லை.

ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு சுருள் முடியும்போதும் படம் நின்று விளக்கு எரியும். 2,000 அடிச் சுருள் இருபத்திரண்டு நிமிடம் ஓடும். இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அந்த இடைவெளிகளில்தான் கடலை, முறுக்கு, சோடா எல்லாம் வந்தன. அதுவரை பார்த்த கதையைத் திண்ணைப் பேச்சாக்கிக் கதாநாயகன் செய்தது சரியா தவறா என்று வழக்காடினார்கள். தூங்கிய பிள்ளைகளைத் தோள் மாற்றினார்கள். புரொஜெக்டருக்கு ஒளி தரும் கார்பன் குச்சி தேய்ந்து திரை செம்மண் நிறமாகிவிட்டால் ஊரே விசிலடித்து ஆபரேட்டரை எழுப்பும். ஐப்பசி மழை கீற்றில் விழத் தொடங்கினால் வசனம் கேட்காது. அப்போது படத்தை முன்பே இரண்டு முறை பார்த்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வசனத்தை எடுத்துச் சொல்வார்கள்.

ஒகையோவில் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைக் கூடவே கொண்டுவந்து நிறுத்தியது. அதில் ஒரு சுகம் இருந்தது, என் பேரன் என் மடியில் தூங்கினான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கொட்டகைக்கு வந்தவர்கள் வீட்டை விட்டுவிட்டு வந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வளவுக்குள் தூண்களுக்கு நடுவே வாழ்ந்த ஆச்சிமாரும், வயலிலிருந்து நேரே வந்த பெண்களும் அந்தத் தட்டிக்குப் பின்னால் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். பெஞ்சு, சேர், தரை என்ற பிரிவு இருந்தது. அதற்கப்பாலும் பிரிவுகள் இருந்ததை நான் அறிவேன். அங்கே எல்லாரும் சமமாக இருந்தார்கள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஒருவர் அழுவது இன்னொருவருக்குக் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அங்கே டிரைவ்-இன் தியேட்டர்களை மூடவைத்த நிலத்தின் விலையும் தொலைக்காட்சியும் இங்கே கொட்டகைகளையும் மூடவைத்தன. எங்கள் கொட்டகை நின்ற இடத்தில் இப்போது வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள்.

கல்லூரி மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு அப்பத்தாவிடமும் ஆயாவிடமும் கைப்பேசியை நீட்டி, எந்தப் படம் பிடித்தது என்று கேட்காதீர்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், யாரோடு போனீர்கள், திரும்பி வரும்போது வழியில் என்ன பயம் இருந்தது என்று கேளுங்கள். பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு முதிய ஆபரேட்டர் அடுத்த கூட்டத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அறுந்த படச்சுருளைப் பிளேடால் சுரண்டிப் பசை தடவி ஒட்டுவது எப்படி என்று செய்து காட்டுவாராம். பேருந்துச் செலவை மட்டும் கேட்டார். அதோடு, கூட்டத்தை வெளிச்சம் இருக்கும்போதே வைக்கச் சொன்னார், இப்போது அவருக்கு மாலையில் கண் தெரிவதில்லை.