கப்பல் ஜன்னல் கண்ணாடியும் சிப்பியும்

நேயர்களுக்கு வணக்கம். அறைக்குக் கடல் அழகு வர, விலை கொடுத்து நங்கூரப் பொம்மை வாங்கி மாட்ட வேண்டியதில்லை. கப்பல் ஜன்னல் மாதிரி ஒரு வட்டக் கண்ணாடி, அதைச் சுற்றிக் கயிறு, ஓரத்தில் நாலைந்து சிப்பி. இவ்வளவு போதும்.

40 செ.மீ. விட்டமுள்ள பிளைவுட் வட்டத்தைக் கடையிலேயே அறுத்து வாங்கிவிடுங்கள். நடுவில் 30 செ.மீ. முகம் பார்க்கும் கண்ணாடி. சுற்றிலும் 5 செ.மீ. மிஞ்சும். ஒரு செ.மீ. தடிமனான சணல் கயிறு அதில் ஐந்து சுற்று வரும். சுற்றுக்குச் சராசரியாக 1.1 மீட்டர் என்றால் ஐந்தரை மீட்டர், ஆறாக வாங்குங்கள். கண்ணாடியை ஒட்டித் தொடங்கி வெளியே வாருங்கள். வெளியிலிருந்து உள்ளே வந்தால் கடைசிச் சுற்றுக்கு இடம் பற்றாது. வெட்டுவதற்கு முன்பே வெட்டும் இடத்தில் நூலை இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் கயிற்றின் முறுக்குப் பிரிந்துவிடும்.

கயிற்றுக்கு ஃபெவிகால் சரி. கண்ணாடிக்குத்தான் கவனம் வேண்டும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த சிலிக்கான் பசையைத் தடவிவிடுகிறார்கள். டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதை வைத்துவிடுங்கள். அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் கண்ணாடியின் பின்பூச்சை அரிக்கும். நாளடைவில் முன்பக்கம் கறுப்புப் புள்ளி தெரியும். ‘நியூட்ரல்’ என்று போட்ட டியூபைக் கேட்டு வாங்குங்கள். முழுக்க மெழுகாமல், இடைவெளி விட்டுக் கோடு கோடாக வையுங்கள். காற்றின் ஈரம் பட்டால்தான் அது இறுகும். 24 மணி நேரம் படுக்கையாகவே கிடக்கட்டும்.

அதே வினிகர் வாடை சிப்பிக்கும் ஆகாது. சிப்பி என்பது சுண்ணாம்புதானே! ஓக் மர அலமாரியில் பூட்டி வைத்த சிப்பிகள், மரம் விடும் அமில ஆவியாலேயே வெள்ளை மாவு பூத்துப்போகும். சேகரிப்பாளர்கள் அதைப் ‘பைன் நோய்’ (Byne's disease) என்பார்கள்; பைன் என்பது இங்கே ஓர் ஆளின் பெயர், மரமல்ல. பெயரில்தான் நோய், கிருமி ஒன்றும் கிடையாது. மாவைத் துடைக்கலாம், போன பளபளப்பு திரும்பாது. ஆகவே சிப்பியையும் நியூட்ரல் பசையாலேயே ஒட்டுங்கள். எலுமிச்சை, வினிகர் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி, நிழலில் காயவிடுங்கள். உப்பு தங்கினால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும். மினுமினுப்புக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், காறல் வாடை வரும். பேபி ஆயில் ஒரு சொட்டுப் போதும். கரையில் ஒதுங்கிய வெற்றுச் சிப்பியையே எடுங்கள். நாட்டிலஸ் போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன, அவற்றை விலைக்கும் வாங்காதீர்கள்.

மீன்வலைத் தோரணத்துக்கு நேரம் சுருங்கிவிட்டது. ஒன்று மட்டும்: பழைய நைலான் வலையைச் சோப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து அலசுங்கள். மின்விசிறி இறக்கைக்கு எட்டாத சுவரில் மாட்டுங்கள். வணக்கம்.