ரூம் மூலையில நின்ன 4 இஞ்ச் பைப் இப்ப சிமெண்ட் சைலோ!

வணக்கம் மக்களே! எனக்குப் பின்னாடி, நம்ம மாடல் ரயில் லேஅவுட்ல, வலது பக்கம் பாருங்க. மூணு சைலோ, அதாவது சிமெண்ட் கொட்டி வைக்கிற உயரமான உருளைத் தொட்டி, மேல ஒரு கேலரி, கீழ லோடிங் லைன், அதுல பிசிஎன்னு சொல்ற மூடின சரக்கு வேகன் வரிசை. இதுல மாடி பாத்ரூம்ல இருந்து இறங்குற டிரெய்னேஜ் பைப் எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம். நடு சைலோவுக்குள்ள! இன்னைக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

லேஅவுட் டூர் வீடியோவுல அந்தப் பைப்பைப் பாத்துட்டு நிறைய பேரு ‘சுத்தி ஒரு மலை கட்டிடுங்க’ன்னு சொன்னீங்க. வேண்டவே வேண்டாம். நெட்டுக்குத்தலா நிக்கிற பைப்பைச் சுத்தி தெர்மோகோல் வெட்டி ஒட்டி, பிளாஸ்டர் பூசி, பச்சை தூவினா அது மலை ஆகாது, கரையான் புத்து மாதிரிதான் நிக்கும். மலைக்கு அடிவாரம் அகலமா வேணும். நம்ம ரூம்ல அந்த அகலம் கிடையாது. தெர்மோகோல் மேல எனக்கு இருக்கிற கோவம் உங்களுக்குத் தெரியும், அதை இன்னைக்கு ஆரம்பிக்கல. சிலர் ஆலமரம்னீங்க. 110 மி.மீ. பைப்பை நம்ம எச்.ஓ. ஸ்கேல்ல, அதாவது நிஜத்தை 87-ல ஒரு பங்காக் குறைச்ச 1:87-ல பெருக்கிப் பாருங்க, ஒன்பதரை மீட்டர் விட்டம். அந்தத் தடிமன்ல அடிமரம் வச்சா பக்கத்துல நிக்கிற ரயில் பொம்மையாத்தான் தெரியும்.

அதே ஒன்பதரை மீட்டர் ஒரு சைலோவுக்குக் கச்சிதம். அதனால ஒளிக்கிறதை விடுங்க, பைப்புக்குக் கூட்டாளி சேருங்க. தனியா ஒரு உருளை நின்னா கண்ணு உடனே ‘பைப்’னு சொல்லிடும். அதே அளவுல மூணு நின்னா ‘ஃபேக்டரி’ன்னு சொல்லும். பல்லவன் எக்ஸ்பிரஸ்லயோ வைகைலயோ விழுப்புரம்-திருச்சி கார்ட் லைன்ல போறவங்களுக்கு அரியலூர், டால்மியாபுரம்னு சொன்னாலே சிமெண்ட் ஞாபகம் வரும். நம்ம லேஅவுட்டும் அந்த லைன்தானே? அப்ப சிமெண்ட் ஆலை வர்றது இயல்புதான்.

சரி, வேலைக்கு வருவோம். உள்ள இருக்கிறது 110 மி.மீ. பைப். வெளியில போடுற சட்டைக்கு 160 மி.மீ. எடுத்திருக்கேன், அதாவது கடையில 6 இஞ்ச்னு கேக்குறது. ஏன் அவ்ளோ பெருசு? 110 பைப்புல சாக்கெட் வர்ற இடம் தடிமனா இருக்கும், கிளாம்புக்கு ரெண்டு காது நீட்டிக்கிட்டு இருக்கும். 160 பைப்போட உள்விட்டம் ஏறக்குறைய 152. சுத்திலும் 20 மி.மீ. இடம் கிடைக்குது, எல்லாம் உள்ள அடங்கிடும். 160-ஐ 87-ஆல பெருக்கினா 14 மீட்டர். பிசிஎன்ல ஒரு ரகமான பிசிஎன்எச்எல் வேகனோட நீளம் 11 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, மாடல்ல 126 மி.மீ. வேகனை விட சைலோ கொஞ்சம் அகலமா நிக்கும்போதுதான் அந்த கனம் வருது.

இப்ப பைப் வாங்குன கதை. இதை நான் சொல்லியே ஆகணும்! தேவை ரெண்டே துண்டு, தலா 450 மி.மீ. மொத்தம் மூணு அடிதான். கடையில 10 அடி முழு லெங்த்தாத்தான் தருவோம், வெட்டித் தர மாட்டோம்னுட்டாங்க. விலை 1,800 ரூபாய்! மூணு அடிக்கு 1,800 குடுக்கிறதா? ஏழு அடி பைப்பை வீட்டுல எங்க வைக்கிறது? தெருவுல கட்டட வேலை நடக்குற இடத்துல பிளம்பர் அண்ணன்கிட்ட வெட்டுத் துண்டு இருக்கான்னு கேட்டேன். மூணே கால் அடி துண்டு, 120 ரூபாய். நூத்தி இருபது! வெயில்ல கிடந்து நிறம் மங்கியிருந்துச்சு, பெயிண்ட் அடிக்கத்தானே போறோம். வளையாம, நசுங்காம, முனை மட்டும் கோணல். மக்களே, புதுப் பைப் வாங்காதீங்க. கட்டட வேலை நடக்காத தெரு நம்ம ஊர்ல எங்க இருக்கு? போய்க் கேளுங்க.

துண்டை நீளவாக்குல ரெண்டாப் பிளக்கணும். கோடு நேரா வர, ஒரு இரும்பு எல் ஆங்கிளை பைப் மேல கவுத்து வச்சா அது தானா நேரா உக்காரும், அதன் ஓரமா மார்க்கர்ல இழுங்க. ஹேக்சா பிளேடு போதும். பிளந்ததும் ஒண்ணு நடக்கும்: ரெண்டு பாதியும் உள்பக்கமாச் சுருளும். பைப் தயாரிக்கும்போதே உள்ள தங்கின இழுவிசை அப்ப வெளிய வரும். வெட்டுனது தப்புன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க. 6 மி.மீ. பிளைவுட்ல அரை வளையம் வெட்டுங்க, வெளி ஆரம் 76, உள் ஆரம் 65. ஒவ்வொரு பாதிக்கும் மேல, நடுவுல, அடியில மூணு வளையம். அரால்டைட் போட்டு கிளாம்ப்ல பிடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. பைப் ஒட்டுற சால்வெண்ட் சிமெண்ட் இங்க வேலைக்கு ஆகாது, அது பிவிசியோட பிவிசிதான் பிடிக்கும், மரத்தை விட்டுடும்.

நடு சைலோவுல பின் பாதி, லேஅவுட் நிக்கிற பிளைவுட் போர்டுல ஸ்க்ரூ. முன் பாதி காந்தத்துல நிக்குது. சின்ன நியோடிமியம் வட்டக் காந்தம், நாலு ஜோடி, வளையத்தோட முனையில புதைச்சிருக்கு. ஒட்டுறதுக்கு முன்னாடி எந்த முகம் எதை இழுக்குதுன்னு மார்க் பண்ணிடுங்க. இணைப்புக் கோடு ரெண்டும் இடது, வலது பக்கவாட்டுல வர்ற மாதிரி திருப்பி வைங்க. பக்கத்து சைலோ 10 மி.மீ. தள்ளி நிக்கிறதால அந்தக் கோடு நிழல்ல போயிடும்.

ரெண்டாவது துண்டு இருக்கே, அதைப் பிளந்தா ரெண்டு அரை உருளை கிடைக்கும். அதுதான் மத்த ரெண்டு சைலோ! பின்பக்கம் யாரு பாக்கப் போறா? எங்க பைப்போட மையம் செவுத்துல இருந்து 105 மி.மீ. அதனால அரை சைலோவுக்குப் பின்னாடி 3 மி.மீ. ஃபோம் ஷீட்ல 100 மி.மீ. ஆழமான பெட்டி வச்சு வரிசை சேத்திருக்கேன். அந்தப் பெட்டியையே பேக்கிங் பிளாண்ட் ஆக்கியாச்சு. மூட்டை சிமெண்ட்தானே பிசிஎன்ல ஏறுது.

ஒரு நிமிஷம், போர்டு பத்திச் சொல்லாமலே வந்துட்டேன். இது எல்லாத்துக்கும் முன்னாடி பண்ண வேண்டியது. பிளைவுட் பைப்பை எங்கயும் தொடக்கூடாது. பைப்போட மையத்துல போர்டு ஜாயிண்ட் வர்ற மாதிரி வச்சு, ஒவ்வொரு பக்கமும் அரை வட்டம் வெட்டுங்க, மொத்த ஓட்டை 125 மி.மீ. ஏன்னா பிவிசி சூட்டுல நீளும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.07 மி.மீ. அளவுல. 3 மீட்டர் பைப்புல வெந்நீர் ஊத்தி 15 டிகிரி ஏறினா 3 மி.மீ. நகரும். பிளைவுட்டோட ஒட்டி வச்சா ஓரம் உரிஞ்சுடும், மாடியில தண்ணி விடுற சத்தம் போர்டு முழுக்க அதிரும். வெட்டுன ஓரத்துல வுட் பிரைமர் ரெண்டு கோட் அடிங்க, நாளைக்கு ஒரு சொட்டு கசிஞ்சாலும் பிளைவுட் ஊதாது. மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் டிஷ்யூ பேப்பர் சுத்தி ஒரு வாரம் விடுங்க. ஈரம் தெரிஞ்சா முதல்ல பிளம்பர், அப்புறம்தான் சைலோ.

அதோட டோர் டீ. அடைப்பு எடுக்கத் திறக்குற மூடி போட்ட இணைப்பு. எங்க பைப்புல அது போர்டுக்கு மேல இருக்கு, அதுக்காகத்தான் இந்தக் காந்தமெல்லாம். சைலோ உச்சியில இருக்கிற சின்னக் கட்டடத்தை, அதாவது ஹெட் ஹவுஸை முன்னாடி இழுத்து, முன் பாதியைக் கழட்டினா மூடி நேரா கைக்கு வரணும். டோர் டீயை நிரந்தரமா மூடுற எந்த டிசைனும் எனக்குப் பிடிக்காது, எவ்ளோ அழகா இருந்தாலும் சரி. செவுத்துல எம்சிபி, அதாவது கரண்ட் ட்ரிப் ஸ்விட்ச் பெட்டி இருந்தா அதுக்கும் இதேதான், பின்னாடி வானமா நிக்கிற பேக்டிராப்புல கீல் போட்ட கதவு வைங்க.

உயரம் எப்படி முடிவு பண்றது? பைப் சீலிங் வரைக்கும் போகுதே. போர்டு தரையில இருந்து 1,200 மி.மீ. முன்னாடி மேல லைட்டை மறைக்கிற பலகை, அதாவது பெல்மெட்டோட அடி விளிம்பு, போர்டுக்கு மேல 450. நான் நிக்கிற இடத்துல கண்ணு உயரத்துல ஒரு நூலைப் பிடிச்சு, பெல்மெட் அடியைத் தொட்டு பைப் வரைக்கும் இழுத்தேன். போர்டுல இருந்து 600-ல போய் முட்டுச்சு. அதுக்கு மேல பைப் கண்ணுக்கே தெரியாது. சைலோ 450, மேல ஹெட் ஹவுஸ் 160, மொத்தம் 610. நிஜ அளவுல 53 மீட்டர், சிமெண்ட் ஆலையில நம்பக்கூடிய உயரம். சின்னப் பசங்க கீழ இருந்து பாத்தா இன்னும் மேல தெரியும், அதனால மிச்சப் பைப்புக்கு பேக்டிராப்போட அதே வானக் கலர், மேட் ஃபினிஷ்.

ஹெட் ஹவுஸ் 140 மி.மீ. அகலம், மூணே செவுரு, பின்பக்கம் திறப்பு. அதன் அடியில கேலரி தளம், பின்னாடி யூ வெட்டு, சைலோவை விட 10 மி.மீ. வெளிய நீட்டம். சுத்தி கைப்பிடி 0.5 மி.மீ. காப்பர் ஒயர்ல, உயரம் 12 மி.மீ. நெளி ஷீட் தோற்றத்துக்கு அந்த கிஃப்ட் கடை நெளி அட்டையைத் தயவுசெஞ்சு ஒட்டாதீங்க! நிஜ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுல ஒரு நெளி 146 மி.மீ., 1:87-ல 1.7 மி.மீ. அந்த அட்டையில 4 மி.மீ. வரும். கண்ணு அங்கயே மாட்டிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டுல 1.7 மி.மீ. இடைவெளியில கீறுங்க, பொறுமை வேணும், ஆனா பாருங்க எப்படி இருக்குன்னு.

பெயிண்ட். வெறும் பிவிசி மேல எமல்ஷன் அடிச்சா நகத்துல உரியும். 180 நம்பர் எமரி பேப்பர், அப்புறம் 320, ஸ்பிரிட்ல துடைச்சு, பிளாஸ்டிக்குக்கான பிரைமர். மேல வெள்ளை எமல்ஷன்ல கறுப்பு ஸ்டெய்னர் சில சொட்டு, மஞ்சள் காவி ஒரே சொட்டு. காவி இல்லேன்னா நீலம் பாஞ்ச சாம்பலா நிக்கும், அது கான்கிரீட் இல்ல. சொரசொரப்புக்கு வால் புட்டி கலந்து ஸ்பாஞ்சுல ஒத்துங்க. மணல் வேண்டாம், அரை மி.மீ. மணல் நிஜத்துல நாலு செ.மீ. ஜல்லி! காய்ஞ்சதும் 14 மி.மீ.க்கு ஒரு பென்சில் கோடு சுத்தி இழுத்து விரல்ல தேய்ங்க, கான்கிரீட்டைக் கட்டம் கட்டமா ஏத்தின பட்டை வந்துடும். தூசிக்கு நிஜ சிமெண்ட் தூவாதீங்க, இன்ஜின் மோட்டாருக்குள்ள போனா அவ்ளோதான். சாக்பீஸை உரசி பிரஷ்ல தடவி, மேட் வார்னிஷ் அடிச்சுடுங்க.

இவ்ளோ பண்ணியும் காட்டிக் குடுக்கிறது நிழல். வானத்துல பைப் நிழல் விழுந்தா எல்லாம் போச்சு. பெல்மெட்ல ஒரே பல்பு போடாம எல்ஈடி ஸ்ட்ரிப் முழு நீளத்துக்கும் ஓட்டுங்க, 4000 கெல்வின். நிழல் பிரிஞ்சு கரைஞ்சுடும்.

செவுத்துல 9-க்கு 12 இஞ்ச் தூண் இருக்கிறவங்களுக்கு உருளை ஆகாது, சதுரமா ப்ரீஹீட்டர் டவர், அதாவது சிமெண்ட் ஆலையில மூலப்பொருளைச் சூடாக்குற உயரக் கட்டடம் கட்டுங்க, 20-க்கு 26.5 மீட்டர் கணக்கு வரும். என் ஸ்கேல்ல இருக்கிறவங்க லோடிங் லைனை சைலோ முகத்துல இருந்து தண்டவாள மையத்துக்கு நேர்ல 30 மி.மீ., வளைவுல 40 விட்டுப் போடுங்க. உங்ககிட்ட இருக்கிறதுலயே நீளமான வேகனைத் தள்ளிப் பாத்துட்டு அப்புறமா பேலஸ்ட், அதாவது தண்டவாள ஜல்லி ஒட்டுங்க. ஹெட் ஹவுஸ் ஏணி இன்னும் பாக்கி, அது அடுத்த வீடியோவுல. டோர் டீ அளவு, சாக்கெட் அளவு சந்தேகம் இருந்தா பைப் சைஸோட எழுதுங்க, பதில் போடுறேன்.