பூண்டைக் கொதிக்க வெச்சீங்கன்னா மருந்து போச்சு! பயறு சாம்பல் நோய்க்குச் சாறு தயாரிக்கிற முறை

[திரையில்: உளுந்து இலை, மிக அருகில்]

இந்த இலையைப் பாருங்க. மாவு தூவின மாதிரி வெள்ளை. கட்டைவிரலால ஒரே ஒரு தேய்ப்பு. மாவு விரலோட வந்துடுச்சு, அடியில இலை இன்னும் பச்சையா இருக்கு! அந்தப் பச்சை இருக்கிற வரைக்கும்தான் தழைச்சாறு வேலை செய்யும்.

இது சாம்பல் நோய். உளுந்து, பாசிப்பயறு, பட்டாணி எல்லாத்துலயும் வரும். துரு நோய்ப் பூஞ்சாணம் இலைக்குள்ள குடியிருக்கும். சாம்பல் நோய்ப் பூஞ்சாணம் அப்படி இல்ல, உடம்பு மொத்தமும் இலைக்கு வெளியதான். உறிஞ்சுற உறுப்பை மட்டும் மேல்தோலுக்குள்ள இறக்கியிருக்கும். அதனால நாம தெளிக்கிறது நேரா அது மேலயே விழும். "மழையே இல்லையே, எப்படி வந்துச்சு?"ன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. இதோட வித்து முளைக்க இலை நனையவே வேண்டாம். வறண்ட பகலும் குளிர்ந்த ராத்திரியும் போதும். மஞ்சள் தேமல் வேற கதை, அது வைரஸ். அதுக்கு இந்தப் பூஞ்சாண வைத்தியம் எதுவும் கேட்காது.

[திரையில்: முழுப் பூண்டுப் பல், பிறகு நசுக்கிய பல்]

இப்ப தலைப்புக்கு வருவோம். உரிச்ச முழுப் பல்லை மோந்து பாருங்க, வாசனை லேசாத்தான் இருக்கும். நசுக்குங்க, மூக்கைத் துளைக்கும். ஏன்? பூஞ்சாணத்தை அடக்குற அல்லிசின் முழுப் பூண்டுல கிடையவே கிடையாது! 'அல்லின்'னு ஒரு பொருள் ஒரு அறையில இருக்கு, அல்லினேஸ்னு ஒரு நொதி பக்கத்து அறையில இருக்கு. நசுக்கினா நடுச்சுவர் உடைஞ்சு ரெண்டும் கலக்கும், அந்த நொடியிலதான் அல்லிசின் பிறக்குது. செடி தன்னைக் கடிக்க வர்றவனுக்காகக் கட்டி வெச்ச கண்ணி இது, எத்தனை தடவை யோசிச்சாலும் அலுக்காத விஷயம். முழுப் பூண்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டா நொதி வெந்துடும். அப்புறம் நசுக்கினாலும் மருந்து உருவாகாது.

அதனால முதல்ல அரை கிலோ பூண்டை நல்லா நசுக்கி, மூடி, பத்து நிமிஷம் அப்படியே விடுங்க. பிறகு ஒரு லிட்டர் பச்சைத் தண்ணியில அரை மணி நேரம் ஊற வெச்சு, வடிகட்டி, பத்து லிட்டர் ஆக்குங்க. அன்னைக்கே தெளிச்சுடணும், மறுநாளைக்கு வெச்சா வீரியம் போயிடும்.

ஆனா வயல் முழுக்கத் தெளிக்கணும்னா என் முதல் தேர்வு வேப்பங்கொட்டைதான். பத்து லிட்டர் டேங்குக்கு 500 கிராம் பருப்பு. நிழல்ல உலர்த்தின கொட்டையா இருக்கணும், மூணு மாசத்துக்குக் குறையாம, எட்டு மாசத்தைத் தாண்டாம. இடிச்சு, ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில காடாத்துணியில பிழியுங்க. பால் மாதிரி வரணும், கலங்கல் தண்ணியா வந்தா கொட்டை பழசு. 20 கிராம் சாதா சோப்பைக் கரைச்சுச் சேர்த்து, பத்து லிட்டருக்கு நிரப்புங்க. சோப்பு இல்லைன்னா சாறு முத்து முத்தா உருண்டு கீழ விழும்.

யூகலிப்டஸ் கிடைச்சா ஒரு கிலோ பச்சை இலையை அரைச்சு, வடிகட்டி, பத்து லிட்டர் ஆக்கித் தெளிக்கலாம்.

வேப்பெண்ணெய்னா பத்து லிட்டருக்கு 300 மில்லி. இங்கதான் அதிகம் பேர் தப்பு பண்றாங்க. எண்ணெயை நேரா டேங்குல ஊத்தினா மேல மிதக்கும், கடைசித் தெளிப்புல எண்ணெயா இறங்கி இலையைக் கருக்கிடும். முதல்ல சோப்புக் கரைசல்ல அடிச்சுக் கலந்து, பால் நிறம் வந்த பிறகு தண்ணி சேருங்க. கந்தகம் தெளிச்சு ரெண்டு வாரம் ஆகலைன்னா எண்ணெய் பக்கமே போகாதீங்க, ரெண்டும் சேர்ந்தா இலை வெந்துடும். எந்தச் சாறா இருந்தாலும் நாலு செடியில மட்டும் அடிச்சுப் பார்த்துட்டு, மறுநாள் மத்ததுக்குப் போங்க.

முதல் வெள்ளைப் பொட்டு தெரிஞ்ச அன்னைக்கே ஒரு தடவை, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை. வெயில் தாழ்ந்த பிறகு தெளிங்க, வேம்போட கசப்புச் சத்து வெயில்ல சிதைஞ்சுடும். செடி முழுக்க வெளுத்த பிறகு தெளிச்சா சாறும் வீண், உழைப்பும் வீண். நாசிலைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடிங்க, ஏன்னா நோய் பெரும்பாலும் நிழல்ல கிடக்கிற அடி இலையிலதான் ஆரம்பிக்கும்.

உங்க பயிர்ல விதைச்சு எத்தனாவது நாள் முதல் பொட்டு தெரிஞ்சது? பயிர் பேரோட கமெண்ட்ல போடுங்க.