உர்சுலா லெ குவின்: கேட்கத் தெரிந்த கதைசொல்லி

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சாப்பாட்டு மேசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒரு கோடைக்கால வீடு. அப்பா, அம்மா, மூன்று அண்ணன்கள், கடைக்குட்டியாக ஒரு பெண். வீடே சளசளவென்று பேசும் வீடு. அவர்களோடு ஒரு விருந்தாளி. ராபர்ட் ஸ்பாட் என்ற யூரோக் பழங்குடிப் பெரியவர். யூரோக் மரபில், சாப்பிடும்போது யாராவது பேசினால் மற்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். ஸ்பாட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். பேச்சு ஓய்ந்தால்தானே மறுபடி எடுக்க முடியும்? அந்த வீட்டில் அது ஓய்வதே இல்லை. பாவம், மனிதருக்குச் சாப்பாடே இறங்காது.

இதை நினைவுவைத்துப் பின்னாளில் எழுதிய அந்தக் கடைக்குட்டிதான் உர்சுலா கே. லெ குவின். மிகுபுனைவிலும் அறிவியல் புனைகதையிலும் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. எதிரில் இருப்பவர் பேசும்போது கரண்டியைக் கீழே வைக்கும் அந்தப் பண்பு அவருடைய நாவல்கள் முழுக்க இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

உர்சுலா பிறந்தது 1929 அக்டோபர் 21, பெர்க்லியில். அப்பா ஆல்ஃபிரட் குரோபர், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர். அம்மா தியோடோரா குரோபர், எழுத்தாளர். அப்பாவின் வாழ்க்கையில் ஒரு பெரிய துயரம் உண்டு. யாஹி இனம் வெள்ளைக் குடியேறிகளின் கையால் அழிக்கப்பட்டபின் மிஞ்சிய கடைசி மனிதர் 1911இல் ஓரோவில் என்ற ஊரில் தென்பட்டார். குரோபரின் ஏற்பாட்டில் அவரை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார்கள். பெயர் கேட்டால் அவர் சொல்லவில்லை. அவர்கள் வழக்கத்தில் தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது. தன் இனத்தார் ஒருவர்தான் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். அப்படிச் சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை. அதனால் குரோபர் அவரை ‘இஷி’ என்று அழைத்தார். அவர் பேசிய யானா மொழியில் ‘மனிதன்’ என்று பொருள். 1916இல் காசநோயில் இஷி இறந்துபோனார். உண்மைப் பெயர் அவரோடு போயிற்று.

புருஷன் பெயரை வாயால் சொல்லாத பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வழக்கம் ரொம்ப அந்நியமாகத் தெரியாது. சரி, இஷி இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் உர்சுலா பிறந்தார். வீட்டில் அவரைப் பற்றி அதிகம் பேசியதும் இல்லை. ஆனால் 1968இல் வந்த ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலைத் திறந்தால், அங்கே மந்திரத்தின் வேரே பெயர்தான். ஒவ்வொருவருக்கும் ஊர் கூப்பிட ஒரு பெயர், ஒளித்துவைக்க ஒரு உண்மைப் பெயர். அதை ஒருவரிடம் சொல்வது உயிரையே ஒப்படைப்பது போல. அருங்காட்சியகத்தில் யாருக்கும் பெயர் சொல்லாமல் வாழ்ந்த அந்த மனிதரை நினைக்காமல் என்னால் இதை வாசிக்க முடிவதில்லை.

ஆனால் அந்த நாவல் வரை வந்து சேர்வதற்குள் உர்சுலா பட்ட பாடு கொஞ்சமல்ல. பதினொரு வயதில் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பினார், திரும்பி வந்தது. 1953இல் பிரான்சுக்குப் படிக்கப் போகும் கப்பலில் சார்லஸ் லெ குவின் என்ற வரலாற்று மாணவரைச் சந்தித்தார். அந்த வருடமே பாரிஸில் கல்யாணம். பிறகு போர்ட்லண்ட் நகரில் வீடு, மூன்று குழந்தைகள். 1950கள் முழுக்க எழுதிய நாவல்கள் எல்லாம் பதிப்பாளர்களிடமிருந்து திரும்பி வந்தன. 1962இல்தான் ‘ஃபென்டாஸ்டிக்’ இதழ் ஒரு கதையை ஏற்றுக்கொண்டு 30 டாலர் அனுப்பியது. குழந்தைகள் தூங்கியபின் எழுதுவார். அவர் எழுதும்போது கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். ஒருவரால் இரண்டு முழுநேர வேலை செய்ய முடியாது, இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று செய்யலாம் என்பது அவர் கணக்கு.

எர்த்ஸீயின் நாயகன் கெட், ஆடு மேய்க்கும் பையன். செம்பழுப்பு நிறம். அவன் உற்ற நண்பன் கறுப்பு. வெள்ளைத் தோல்காரர்கள் கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வருகிறவர்கள். 1968 அமெரிக்காவில், சிறுவர்களுக்கான மந்திரக் கதையில் இதைச் செய்திருக்கிறார். அதையும் முதல் பக்கத்தில் அறிவிக்காமல், வாசகர் கெட்டோடு ஒன்றிப்போனபிறகு மெல்லத் தெரியவைக்கிறார். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட்டை வெள்ளையனாக்கியபோது அவருக்கு வந்த கோபம் நியாயமான கோபம். வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

அடுத்த ஆண்டு, 1969இல், ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ வந்தது. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் பெற்றது. கெதன் என்ற பனிக்கோளம். அங்குள்ளவர்கள் நிரந்தரமாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள். எதுவாக என்பது அவர்கள் கையில் இல்லை. ஒரே ஆள் ஒரு குழந்தைக்குத் தாயாகவும் இன்னொன்றுக்குத் தகப்பனாகவும் இருக்கலாம். அரசர் கர்ப்பமாக இருக்கிறார் என்று செய்தி வரும்! பூமியிலிருந்து தன்னந்தனியாகப் போன தூதர் ஜென்லி ஆய், கெதன்வாசி எஸ்திராவெனை நம்பாமலே பாதிக் கதையைக் கடத்துகிறார். கடைசியில் பனிப்பாலையில் இருவரும் வண்டியை இழுத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கும் மேலாக நடக்கிறார்கள். ராத்திரி ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. அங்கேதான் ஜென்லி முதல்முறையாக எதிரில் இருப்பவரை உள்ளபடி பார்க்கிறார். நான் அந்த அத்தியாயங்களை நான்கைந்து தடவை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது.

இந்த நாவலில் ஒரு சிக்கல் உண்டு. கெதன்வாசிகள் எல்லோரையும் அவர் ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்றே எழுதினார். அதாவது ‘அவன்’. தமிழில் எழுதியிருந்தால் ‘அவர்’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அன்றைய ஆங்கில எழுத்துநடையில் அந்த வசதி இருக்கவில்லை. பெண் வாசகர்கள் கேட்டார்கள்: ஆணும் பெண்ணுமாக இருப்பவர்களை ஏன் முழுக்க ஆணாகவே காட்டினீர்கள்? 1976இல் அவர் ஒரு கட்டுரையில் தன் பக்கத்தை வாதாடினார். ஆனால் கேள்வி அவரை விடவில்லை. ‘விண்டர்ஸ் கிங்’ என்ற பழைய கதையை 1975 தொகுப்பில் சேர்த்தபோதே, கெதன்வாசிகளை எல்லாம் ‘ஷீ’ என்று மாற்றியிருந்தார். ‘கிங்’ போன்ற பட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. அப்புறம் 1980களின் கடைசியில் அந்தக் கட்டுரையை மறுபடி வெளியிட்டார். பழைய வரி ஒன்றையும் அழிக்கவில்லை. வரிகளுக்கு நடுவே அடைப்புக்குறி போட்டு, இங்கே நான் தப்பு, இங்கே நான் தற்காப்பில் இறங்கிவிட்டேன் என்று குறித்துவைத்தார். புகழின் உச்சியில் இருந்தவர் செய்த காரியம் இது. தான் எழுதியதற்கு எதிரிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

எர்த்ஸீயையும் அப்படித்தான் மறுபடி பார்த்தார். முதல் மூன்று நாவல்களில் மந்திரக் கல்வி ஆண்களுக்கு மட்டும். கிராமத்துச் சூனியக்காரிகளைப் பற்றி இளக்காரமான பழமொழிகள்கூட உண்டு. மூன்றாவது நாவல் 1972இல் வந்தது, அமெரிக்காவின் தேசிய புத்தக விருதும் வாங்கியது. அதோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1990இல் ‘டெஹானு’ வந்தது. கெட் இப்போது சக்தியெல்லாம் தீர்ந்துபோன நடுவயதுக்காரர். கதையின் நடுவில் இருப்பவள் டெனார். புருஷனை இழந்து, பண்ணையைப் பார்த்துக்கொண்டு, தீயில் பொசுக்கப்பட்ட ஒரு சிறுமியை வளர்க்கிறாள். கடலிலிருந்து திரும்பிய மகன் எச்சில் தட்டைக் கழுவ மறுக்கிறான், பொம்பளை வேலையாம். இந்த அடுப்படியில் சாப்பிடுகிற எல்லோருக்கும் உள்ள வேலை என்கிறாள் டெனார். டிராகன்கள் பறக்கும் உலகத்தில் ஒரு எச்சில் தட்டு! அதே உலகத்தை அடுப்படியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதற்குப் பதினெட்டு ஆண்டு கழித்து அவரே எழுதிய பதில் இது.

‘தி டிஸ்பொசஸ்ட்’ பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். அரசாங்கமும் சொத்தும் இல்லாத ஒரு சமூகத்தைக் கட்டி, அதன் ஓட்டைகளையும் மறைக்காமல் காட்டிய நாவல். 2014இல் தேசிய புத்தக அறக்கட்டளை வாழ்நாள் பங்களிப்புப் பதக்கம் கொடுத்தபோது அவருக்கு 85 வயது. இத்தனை காலம் இலக்கியத்திலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்ட மிகுபுனைவு, அறிவியல் புனைகதை எழுத்தாளர்களோடு அந்தப் பதக்கத்தைப் பகிர்ந்துகொள்வதாக அந்த மேடையில் சொன்னார். புத்தகத்தைச் சரக்காக மட்டும் பார்க்கும் பதிப்பாளர்களையும் அவர்கள் முகத்துக்கு நேரே கண்டித்தார். 2018 ஜனவரி 22 அன்று போர்ட்லண்ட் வீட்டில் காலமானார்.

எதில் தொடங்கலாம் என்று வாசலிலேயே இரண்டு தம்பிகள் கேட்டார்கள். எர்த்ஸீ முதல் நாவலை எடுங்கள், சின்னப் புத்தகம்தான். இரண்டாவதில் டெனார் சிறுமியாக வருவாள், மூன்றாவதையும் முடித்துவிடுங்கள். ‘டெஹானு’வை மட்டும் அந்த வேகத்திலேயே தொட வேண்டாம். இடையில் சில வருடம் போகட்டும்.

நன்றி.