சிவிகையின் கீழே ஒரு தோள்

அடியார் பெருமக்களுக்கு வணக்கம். நாளைக் காலை நமக்கு உழவாரப் பணி, அதாவது கோயிலில் புல் பூண்டு அகற்றித் துப்புரவு செய்யும் தொண்டு, இருக்கிறது. அதற்கு முன் அப்பர் பெருமானைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். அவர் வரலாறு பெரியது. நான் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: கண்டியூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பூந்துருத்தி.

அங்கே மடம் அமைத்துத் தங்கியிருக்கிறார் அப்பர். வயது முதிர்ந்துவிட்டது. பாண்டிநாட்டிலிருந்து ஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில், அதாவது பல்லக்கில், வருகிறார் என்று சேதி வருகிறது. எதிர்கொண்டு அழைக்கப் போனவர், யாருக்கும் தெரியாமல் கூட்டத்துக்குள் புகுந்து, சிவிகை சுமப்பவர்களோடு தானும் தோள் கொடுத்துவிடுகிறார். ஊரை நெருங்கியதும் சம்பந்தர், 'அப்பர் எங்கே?' என்று கேட்கிறார். 'உம் அடிகளைத் தாங்கிவரும் பேறு பெற்றேன்' என்று கீழேயிருந்து குரல் வருகிறது. சம்பந்தர் பதறிப்போய் இறங்கி வணங்கப் போகிறார். அதற்குள் அப்பர் வணங்கிவிடுகிறார்.

சேக்கிழார் பாடிய இந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரு கேள்வி வரும். சம்பந்தர் கேட்காமலே இருந்திருந்தால்? மடத்து வாசல் வரை சுமந்து, இறக்கி வைத்துவிட்டு, தோளைத் துடைத்துக்கொண்டு வரவேற்க வந்து நின்றிருப்பார். சுமந்தது யாருக்குமே தெரிந்திருக்காது. கேட்டதால்தான் சொன்னார், கேட்டபோது மறைக்கவும் இல்லை.

அதே ஊர்த் தலபுராணம் இன்னொன்றும் சொல்கிறது. அப்பர் உழவாரம் பிடித்துச் செதுக்கிய மண்ணில் காலை வைக்கச் சம்பந்தர் தயங்கி வெளியே நின்றாராம். இறைவன் நந்தியை விலகச் சொல்லி, நின்ற இடத்திலேயே காட்சி கொடுத்தாராம். புல் செதுக்கிய இடத்துக்கு அவ்வளவு மரியாதை!

சரி, நம் பணிக்கு வருவோம். முதன்முதலாக உழவாரப் பணிக்குப் போனபோது எனக்கு வேகம் அதிகம். கம்பி பிரஷ்ஷால் ஒரு சுவரைத் தேய்தேய் என்று தேய்த்தேன். சுவர் பளிச்சென்று ஆனது. எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அப்புறம்தான் பெரியவர் ஒருவர் சுவரைத் தடவிக் காட்டினார். அது கல்வெட்டு. பல எழுத்துகள் மழுங்கிப் போயிருந்தன. யாரோ ஒருவர் விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தியோ, நிலம் விட்ட செய்தியோ, இனி யார் படிப்பார்கள்? இன்றும் அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கோயிலுக்குச் செய்வதாக நினைத்துக்கொண்டு என் ஆசைக்குச் செய்திருக்கிறேன்.

'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று திருக்கடம்பூரில் அப்பர் பாடினாரே, அதில் 'கிடப்பதே' என்ற சொல்லைக் கவனியுங்கள். முடித்தேன், சாதித்தேன் என்ற பேச்சே அதில் இல்லை.

நாளை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். கருவறைக்கு மேலே உள்ள விமானத்து இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வேர் கல்லைப் பிளப்பதற்குள் எடுத்தாக வேண்டும், ஆனால் தெரிந்தவர் மட்டும் ஏறட்டும். மற்றவர்களுக்குப் பிராகாரத்தில் நெருஞ்சி நிறைய இருக்கிறது. தெற்குச் சுவரில் எழுத்து இருக்கிறது. அங்கே தண்ணீரும் துணியும் போதும்.