பழைய பாம் டங்ஸ்டன் ஈ, புது லேப்டாப்: ஹாட்சிங்க் செய்வது எப்படி?

[திரையில்: மேசை மேல் பாம் கருவி]

வணக்கம். இது பாம் டங்ஸ்டன் ஈ, பாம் நிறுவனத்தின் கையடக்கக் கணினி. 2003-இல் வந்தது. அப்பா வைத்திருந்தது. இதிலுள்ள முகவரிகளையும் குறிப்புகளையும் விண்டோஸ் 10 லேப்டாப்புக்கு எடுக்கப் போகிறோம். இப்படிப் பாமையும் கம்ப்யூட்டரையும் ஒத்திசைப்பதுதான் ஹாட்சிங்க்.

எதற்கும் முன்னால் சார்ஜரில் போடுங்கள். இந்த மாடல் எல்லாவற்றையும் ராமில்தான் வைத்திருக்கிறது. பேட்டரி அடியோடு இறங்கினால் அத்தனையும் போய்விடும். வேலை முடியும்வரை சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

சரி, சிக்கல் எங்கே? பாம் தகவல்களைக் கம்ப்யூட்டரில் வாங்கி வைக்கும் பாம் டெஸ்க்டாப் 32 பிட் மென்பொருள். 64 பிட் விண்டோஸிலும் அது திறக்கும். மாட்டிக்கொள்வது, பாமை விண்டோஸுடன் பேசவைக்கும் யுஎஸ்பி டிரைவர். டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடுவது என்பதால் 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர்தான் வேண்டும். பாம் நிறுவனம் அதை வெளியிடவில்லை. நியூசிலாந்தின் அசீக்கா நிறுவனம் அப்படி ஒரு டிரைவரை எழுதியது, அதையும் முயலலாம். ஆனால் எனக்குப் பிடித்தது விர்ச்சுவல்பாக்ஸ், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள். அதற்குள் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, அதில் பாம் டெஸ்க்டாப்பை நிறுவுங்கள்.

[திரையில்: விர்ச்சுவல்பாக்ஸ், யுஎஸ்பி அமைப்புகள்]

பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். கேபிளைச் செருகினாலும் பட்டியலில் பாம் வராது. கேபிளில் குறை இல்லை. ஹாட்சிங்க் ஐகானைத் தொட்டால்தான் பாம் யுஎஸ்பியில் தலைகாட்டும், சில நொடிகளில் மறைந்தும் விடும். அதற்குள் மவுஸை நகர்த்திப் பிடிக்க முடியாது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸில் முன்கூட்டியே ஒரு யுஎஸ்பி ஃபில்டர், அதாவது இந்தக் கருவி வந்தால் எக்ஸ்பிக்குள் அனுப்பு என்ற விதி, போட்டு வையுங்கள். தயாரிப்பாளரைக் குறிக்கும் வெண்டர் ஐடி 0830, அது பாம் நிறுவனத்தின் எண். மற்ற கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும். இனி பாம் தலைகாட்டியதும் நேராக எக்ஸ்பிக்குள் போய்விடும். முதல் தடவை எக்ஸ்பி டிரைவரைப் போடுவதற்குள் நேரம் கடந்துவிடலாம். பதறாமல் மறுபடி தொடுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. முதல் ஹாட்சிங்குக்கு முன், பாம் டெஸ்க்டாப்பின் ஹாட்சிங்க் கஸ்டம் மெனுவில் எல்லாவற்றையும் 'ஹேண்ட்ஹெல்ட் ஓவர்ரைட்ஸ் டெஸ்க்டாப்' என்று மாற்றுங்கள், அதாவது பாமில் இருப்பது கம்ப்யூட்டரில் இருப்பதன் மேல் எழுதப்படும். தவறிப்போய் இதைத் தலைகீழாக வைத்தால், காலியாக இருக்கும் கம்ப்யூட்டர் பாமையும் காலியாக்கிவிடும்.

[திரையில்: முகவரிப் பட்டியல் நிரம்புகிறது]

வந்துவிட்டது! உடனே எக்செல் போன்றவற்றில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, எக்ஸ்பிக்கு வெளியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இதோ பாருங்கள், கேஸ் ஏஜென்சி, ஆறு இலக்க எண். அதற்குக் கீழே எங்கள் வீட்டுப் பழைய லேண்ட்லைன்.