தளத்தைத் தாண்டிப் போன விமானம்: 'லேடி பி குட்'

[திரையில்: வெறும் மணல்வெளி. நடுவே உடைந்த விமானம்.]

1959. லிபியப் பாலைவனம். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று வயிறு தரையில் தேய்ந்து, இடுப்பு முறிந்து கிடக்கிறது. உள்ளே ஏறியவர்களுக்கு நம்ப முடியவில்லை. தண்ணீர் இருக்கிறது. ஃபிளாஸ்க்கில் காபி இருக்கிறது. வானொலிக் கருவி வேலை செய்கிறது, இயந்திரத் துப்பாக்கி சுடுகிறது. ஆள்தான் இல்லை. ஒரு எலும்புகூட இல்லை. பாராசூட்டுகளையும் காணோம்.

சரி, 16 வருடம் பின்னால் போவோம்.

1943 ஏப்ரல் 4. பெங்காசிக்குப் பக்கத்தில் சொலுக் விமானதளம். இத்தாலியின் நேப்பிள்ஸைத் தாக்க பி-24 லிபரேட்டர்கள் கிளம்புகின்றன. அதில் ஒன்று 'லேடி பி குட்'. விமானி ஹாட்டனையும் சேர்த்து ஒன்பது பேர். அவர்கள் குழுவுக்கு இதுதான் முதல் தாக்குதல்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. நள்ளிரவு தாண்டியதும் ஹாட்டன் வானொலியில் தளத்துக்குத் திசை கேட்கிறார். கிடைத்த பதில்: 330 டிகிரி. அதாவது தளத்திலிருந்து பார்த்தால் விமானம் வடமேற்கில், கடல் பக்கம். இன்னும் கரைக்கே வரவில்லை போல என்று பறந்துகொண்டே இருக்கிறார்கள்.

[திரையில்: வரைபடம். தளத்தின் வழியாக ஒரே நேர்க்கோடு, இரண்டு முனையிலும் விமானம்.]

இங்கேதான் சிக்கல். அந்தக் காலத்து வளைய ஆண்டெனா, சிக்னல் எந்தக் கோட்டில் வருகிறது என்று சொல்லும். கோட்டின் எந்த முனையிலிருந்து என்று சொல்லாது. இருட்டில் நடக்கும்போது ரேடியோ சத்தம் கேட்கிற மாதிரி: வீடு முன்னால் இருக்கிறதா, தாண்டி வந்துவிட்டோமா? 330க்கு நேர் எதிர் 150, தென்கிழக்கு. விமானம் அந்தப் பக்கம்தான் இருந்தது என்று பின்னாளில் முடிவு செய்தார்கள். தளத்தில் விட்ட வெளிச்ச வாணங்கள் அவர்கள் கண்ணில் படவில்லை. புதுப் பையன்கள் கோட்டைவிட்டார்கள் என்பது சுலபம். கருவி பாதி உண்மைதான் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு மணிநேரம் பாலைவனத்துக்குள். பெட்ரோல் தீர, இரவு 2 மணிவாக்கில் குதிக்கிறார்கள். ஒருவருக்குப் பாராசூட் சரியாக விரியவில்லை. ஆளில்லாத விமானம் தானாகவே மேலும் 26 கிலோமீட்டர் மிதந்து போய்த் தரையில் சறுக்கி நின்றது.

எட்டுப் பேர் ஒன்றுசேர்ந்தார்கள். கையில் ஒரே குடுவை, அதுவும் அரைக் குடுவைத் தண்ணீர். தளம் பக்கத்தில்தான் என்று நினைத்து வடமேற்கே நடந்தார்கள். உண்மையில் 600 கிலோமீட்டருக்கு மேல். பாராசூட் துணியைக் கிழித்து, கல்லை வைத்து, வழியெல்லாம் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார்கள். தேடியவர்களோ கடலில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

துணை விமானி டோனரின் நாட்குறிப்பு பிறகு கிடைத்தது. ஆளுக்கு நாளுக்கு ஒரு மூடி தண்ணீர். பகலில் வெயில், இரவில் தூங்கவிடாத குளிர். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று பேர் மணல்மேடுகளுக்குள் மேலே போனார்கள். கடைசிப் பதிவு ஏப்ரல் 12: இன்னும் உதவி வரவில்லை, ராத்திரி கடும் குளிர்.

[திரையில்: மணலில் அம்புக்குறி.]

1960இல் எட்டு உடல்கள் கிடைத்தன. முன்னால் போன மூவரில் ஒருவர் இன்றுவரை கிடைக்கவில்லை.